பெயர் போட்டுக் கேளுங்கள், பூசைக்கும் வாருங்கள்

திருவிழாக் கொடி இறங்கி மூன்று வாரமாகியும் வரவு செலவுக் கணக்கைப் பலகையில் ஒட்டவில்லை என்றால் மதுரைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும்) என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு பூசை முடிந்து கெபி (மாதா குகை) ஓரமாக நாலு பேர் நிற்பார்கள். "சாமியார்கிட்ட யாரு போய்க் கேக்குறது?" என்பார் ஒருவர், பங்குத்தந்தையை மனதில் வைத்து. "கேட்டா நாளைக்குப் பிள்ளைக்கு ஸ்கூல்ல சீட்டு வேணும்ல, பேசாம இருப்பா" என்பார் இன்னொருவர். அன்று ராத்திரியே பெயரில்லாத ஆடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிக்கும். ஆறு மாதம் கழித்து வேறு ஏதோ சண்டையில் பழைய கோபமும் சேர்ந்துகொள்ளும். யாரோ ஒருவர் கோயில் கதவுக்குப் புதுப்பூட்டு வாங்கிவந்து மாட்டுவார்.

முணுமுணுப்பு, இல்லாவிட்டால் பூட்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் திருஅவையே போட்டுவைத்த பாதை ஒன்று இருக்கிறது. அதில் போகிறவர்கள் குறைவு. போகிறவர்கள் நடு வழியில் வேதப் புத்தகத்தையும் சட்டப் புத்தகத்தையும் திறந்தே ஆகவேண்டும். விசுவாசம் ஆழமாவது அந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. அந்தப் பாதையில் எப்படி நடப்பது, எங்கே கால் இடறும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வசனத்தைச் சரிபார்த்துவிடலாம். "அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே" என்று சொல்லித்தான் பெரும்பாலும் வாயடைப்பார்கள். திருப்பாடல் 105:15இல் அந்த வரி இருக்கிறது. ஆபிரகாம் முதலான குலமுதுவர்கள் அந்நிய நாடுகளில் அலைந்தபோது அரசர்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி கடவுள் காத்தார் என்று சொல்லுமிடம் அது. கணக்குக் கேட்பதைப் பற்றியது அல்ல. அபிஷேகம் பெற்றவர்மேல் கை வைக்க மாட்டேன் என்று தாவீது சொன்னது 1 சாமுவேல் 24இல். அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்துப் பாருங்கள். சவுல் குகைக்குள் இருக்கும்போது அவருடைய மேலங்கியின் தொங்கலை மட்டும் தாவீது அறுத்துக்கொள்கிறார். அதற்கே அவர் மனம் உறுத்துகிறது. பிறகு வெளியே வந்து, தூரத்தில் நின்று, முகங்குப்புற விழுந்து வணங்கி, "என் தலைவரே, அரசே" என்று கூப்பிட்டு, அறுத்த துணியைக் காட்டி, "என்னை ஏன் துரத்துகிறீர்?" என்று கேட்கிறார். கை ஓங்கவில்லை, வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. மரியாதை இருக்கிறது, கையில் ஆதாரம் இருக்கிறது, நேருக்கு நேர் பேச்சும் இருக்கிறது. அதே தாவீது பின்னாளில் அபிஷேகம் பெற்ற அரசராகத் தவறு செய்தபோது நாத்தான் இறைவாக்கினர் அரண்மனைக்கே போய், "நீயே அந்த மனிதன்" என்றார். கேபா (பேதுரு) அந்தியோக்கியாவில் தவறாக நடந்தபோது முகத்துக்கு நேராக எதிர்த்ததாகப் பவுல் கலாத்தியர் 2:11இல் எழுதுகிறார். முதல் திருத்தந்தையையே எதிர்த்ததாகச் சொல்லும் அந்தக் கடிதம் இன்றும் நம் திருப்பலியில் வாசிக்கப்படுகிறது.

நம்ம ஊரிலேயே இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தே நொபிலி, இயேசு சபையின் மூத்தவர் கொன்சாலோ பெர்னாண்டசோடு ஒரே வீட்டில் தங்கினார். பெர்னாண்டஸ் கடற்கரையிலிருந்து வந்த பரவர்களைக் கவனித்துக்கொண்டு, பள்ளி ஒன்றும் சின்ன மருத்துவமனை ஒன்றும் நடத்திவந்தார். நொபிலி தனி வீடு பார்த்துப் போனார். காவி உடுத்தினார், 'தத்துவ போதகர்' ஆனார், தம்மைப் பறங்கி அல்ல என்றார். பெர்னாண்டசுக்கு இது பொறுக்கவில்லை. 1610இல் குறைகளை ஒவ்வொன்றாக எழுதி, தம் பெயர் போட்டு, சபை மேலதிகாரிகளுக்கு அனுப்பினார். நொபிலியும் வாளாவிருக்கவில்லை. குடுமி, பூணூல், சந்தனம், குளியல் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லி 1613இல் இலத்தீனில் நீண்ட நூலே எழுதினார். 1619இல் கோவாவில் விவாதம் நடந்தது. கோவா பேராயர் எதிர்ப்பு, கிராங்கனூர் (கொடுங்கல்லூர்) பேராயர் ஆதரவு. கடைசியில் 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை 15ஆம் கிரகோரி நொபிலியின் முறைக்கு இசைவு தந்தார்.

இந்தக் கதையை எல்லாரும் நொபிலியின் பக்கமிருந்துதான் சொல்வார்கள். பெர்னாண்டசின் பக்கமிருந்தும் கொஞ்சம் பார்க்கலாம். உரோமை அவருடைய வாதத்தை ஏற்கவில்லை. ஆனாலும் அவர் மொட்டைக் கடிதம் போடவில்லை. இன்னது, இன்னது என்று எழுதினார். அதனால்தான் பதில் சொல்ல முடிந்தது. அந்தப் பதிலை எழுதும்போதுதான் நற்செய்தி எது, வெறும் போர்த்துக்கீசிய பழக்கம் எது என்று பிரித்துப் பார்க்கும் வேலை நடந்தது. தோற்றுப்போன புகார்கூட, பெயர் போட்டு எழுதப்பட்டதால், பயன்பட்டது. (நொபிலி சாதியை வெறும் உலக வழக்கம் என்று எடுத்துக்கொண்டதன் பாரத்தை நாம் இன்னும் சுமக்கிறோம். அது பற்றிக் கீழே வருகிறேன்.)

சரி, இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? 1983இல் வந்த திருஅவைச் சட்டத் தொகுப்பில் 212ஆம் சட்டத்தை ஒவ்வொரு அன்பியத்திலும் (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடும் செபக்குழு) ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். அதற்கு மூன்று உட்பிரிவுகள். முதலாவது, ஆயர்கள் கிறிஸ்துவின் பெயரால் போதிப்பதற்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. இரண்டாவது, நம் தேவைகளையும் விருப்பங்களையும் அவர்களிடம் தெரிவிக்கலாம் என்கிறது. மூன்றாவது உட்பிரிவு ஒரு படி மேலே போய், தங்கள் அறிவுக்கும் திறமைக்கும் ஏற்பத் திருஅவையின் நலன் பற்றிய கருத்தை மேய்ப்பர்களுக்குச் சொல்லும் உரிமையும், சில நேரம் கடமையும்கூட மக்களுக்கு உண்டு என்கிறது. கடமை என்ற சொல்லைக் கவனியுங்கள். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருஅவை பற்றிய ஏட்டின் 37ஆம் எண்ணில் சொன்னதுதான் சட்டமாகியிருக்கிறது. கூடவே நிபந்தனைகளும் உண்டு: விசுவாசத்துக்கும் ஒழுக்கத்துக்கும் பழுது வரக்கூடாது, மேய்ப்பர்கள்மேல் மரியாதை வேண்டும், பொதுநலனையும் ஆட்களின் மாண்பையும் பார்க்க வேண்டும். எழுதிய கடிதத்தை எடுத்து இந்த நிபந்தனைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தால் பாதி வரிகளை நாமே அடித்துவிடுவோம்.

எதைக் கேட்கலாம், எதை அப்படிக் கேட்க முடியாது என்பதிலும் தெளிவு வேண்டும். நற்கருணையில் ஆண்டவர் இருக்கிறாரா என்பதைப் பங்குப்பேரவையில் ஓட்டுக்கு விட முடியாது. ஒரு போதனை புரியவில்லை, ஏற்கக் கடினமாக இருக்கிறது என்றால் அதற்கு வழி படிப்பும் கேள்வியும்தான். பத்திரிகைப் பேட்டி அல்ல. ஆனால் பூசை நேரம், திருவிழாச் செலவு, கல்லறைத் தோட்டத்தில் இடம், பேரவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதம், பங்கு நிலத்தின் குத்தகை எல்லாம் நிர்வாகம். இவற்றைக் கேட்பதால் யாருடைய விசுவாசமும் ஆட்டம் காணாது. நம்மவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், ஜெனரேட்டர் வாடகை ஏன் இவ்வளவு என்று கேட்பவரும் திருஅவைக்கு விரோதி ஆகிவிடுகிறார்.

இனி பணம். சண்டையில் பெரும்பங்கு இங்கேதான்.

ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆகவேண்டும் என்கிறது சட்டம் 537. பங்குப்பேரவை அப்படியல்ல, ஆயர் வேண்டுமென்று முடிவு செய்தால் வைக்கலாம், அதற்கும் ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான் (சட்டம் 536). பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பேரவைத் தேர்தலுக்கு அடித்துக்கொள்வார்கள். நிதிக்குழுவில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. வரவு செலவுப் புத்தகம் ஒழுங்காக வைப்பதும், ஆண்டு முடிவில் கணக்கு எழுதுவதும், ரசீதுகளைப் பாதுகாப்பதும் நிர்வாகியின் கடமை (சட்டம் 1284). மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும், எப்படி என்பதை மறைமாவட்ட விதி சொல்லும் (சட்டம் 1287, உட்பிரிவு 2). குறிப்பிட்ட காரியத்துக்கென்று கொடுத்ததை அந்தக் காரியத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் (சட்டம் 1267, உட்பிரிவு 3). மணிக்கூண்டுக்கு என்று வாங்கிய பணத்தில் பங்குத்தந்தை இல்லத்துக்கு ஏசி போட்டால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது தவறு.

ஆனால் கணக்கைக் கேட்பதற்கு முன் கணக்கை வாசிக்கத் தெரிய வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். 180 தலைக்கட்டு உள்ள பங்கு. வரி தலைக்கு ₹2,000, ஆக ₹3,60,000. ஒன்பது நாள் நவநாள் உபயம் நாளுக்கு ₹12,000 வீதம் ₹1,08,000. உண்டியலும் திருவிழாக் காணிக்கையும் ₹85,000. மொத்த வரவு ₹5,53,000. செலவு: ஒலி, ஒளி, சப்பர அலங்காரம் ₹1,40,000, அசனம் (பொது விருந்து) ₹1,60,000, பூ ₹55,000, வாணவேடிக்கை ₹60,000, நோட்டீஸ், பாடகர் குழு, வெளியூர்ச் சாமிமார் படி எல்லாம் சேர்த்து ₹48,000. ஆக ₹4,63,000. மீதி ₹90,000.

பலகையில் இந்தத் தாள் ஒட்டப்படுகிறது. அடுத்த வாரம் பங்குக் கணக்குப் புத்தகத்தில் திருவிழா மீதி ₹30,000 என்று வருகிறது. உடனே ஊர் முழுக்க, "அறுபதாயிரத்தைச் சாமியார் அமுக்கிட்டார்" என்று பேச்சு. உண்மையில் நடந்தது என்ன? 180 தலைக்கட்டில் 150தான் வரி கட்டியிருக்கிறது. முப்பது வீட்டுப் பாக்கி, முப்பது பெருக்கல் இரண்டாயிரம், ₹60,000. தாளை எழுதியவர் வரவேண்டியதையும் வந்ததையும் ஒரே பத்தியில் போட்டுவிட்டார். அந்தப் பணம் பங்குத்தந்தையின் அலமாரியில் இல்லை, கெபி ஓரம் நின்று பேசுகிற சிலருடைய வீட்டிலேயே இருக்கிறது.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி "பூவுக்கு ஏன் ஐம்பத்தைந்தாயிரம்?" என்பதல்ல. வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு, மீதி எந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது, அந்தக் கணக்கு பங்கின் பெயரிலா தனி ஆளின் பெயரிலா, காசோலையில் கையெழுத்துப் போடுவது எத்தனை பேர். இந்த ஐந்தைக் கேளுங்கள். திருட்டு இருந்தால் இதிலேயே வெளியே வந்துவிடும். இல்லாவிட்டால் ஒரு மனிதருடைய பெயர் காப்பாற்றப்படும். நற்பெயர் பெறும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்கிறது சட்டம் 220. சாமியாரும் அந்த எல்லாரில் ஒருவர்தான்.

வரிப் பாக்கி என்றதும் இன்னொரு வழக்கம் நினைவுக்கு வரும். பாக்கி கட்டாதவர் வீட்டில் சாவு விழுந்தால் மணி அடிக்க விடமாட்டோம், திருமண ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) எழுத விடமாட்டோம் என்பார்கள். இதைப் பெரும்பாலும் சொல்வது சாமியார் அல்ல, ஊர்ப் பெரியவர்கள். சாமியார் அதற்குத் தலையாட்டிவிடுவதுதான் பிழை. அடக்கத் திருச்சடங்கை யாருக்கு மறுக்கலாம் என்று சட்டம் 1184 பட்டியல் தருகிறது: விசுவாசத்தை வெளிப்படையாக மறுதலித்தவர்கள், விசுவாசத்துக்கு விரோதமான காரணத்துக்காக உடலை எரிக்கச் சொன்னவர்கள், மனந்திரும்பாமல் ஊரறியப் பாவத்தில் இருந்தவர்கள். வரிப் பாக்கி அந்தப் பட்டியலில் இல்லை. தகுந்த முறையில் கேட்பவருக்கு அருளடையாளங்களை மறுக்க முடியாது என்கிறது 843. ஏழ்மையால் யாருக்கும் அது கிடைக்காமல் போகக்கூடாது என்கிறது 848. பாக்கியைப் பிறகு வசூலித்துக்கொள்ளலாம், பிணத்தைக் காக்க வைக்க முடியாது.

பூசைக்காசு விவகாரம் சிறிது நுணுக்கமானது. ஞாயிறு பூசைக்கு முன் பதினைந்து கருத்துகள் (இன்னாருக்காக என்று கொடுத்த வேண்டுதல்கள்) வரிசையாக வாசிக்கப்படுகின்றன. ஒருவரிடம் ஒரு பூசைக்கென்று காணிக்கை வாங்கினால் அவருக்கென்று தனிப்பூசை வைக்க வேண்டும் என்பதே அடிப்படை (சட்டம் 948). பல கருத்துகளை ஒன்றாக வைப்பது பற்றி 1991இல் உரோமையிலிருந்து ஓர் ஆணை வந்தது. 2025 ஏப்ரல் 20 முதல் புதிய ஆணை நடைமுறைக்கு வந்திருக்கிறது. இரண்டிலும் மாறாத விஷயம், ஒரே பூசையில் பலருடைய கருத்தோடு சேர்த்துத்தான் வைக்கப்படும் என்று கொடுப்பவருக்கு முன்பே தெரிவித்து, அவர் மனதார ஒத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது. அப்படிச் சேர்த்து வைத்தாலும் குரு தமக்கென எடுத்துக்கொள்வது ஒரு பூசையின் காணிக்கை மட்டுமே. தொகையை ஆயர்கள் நிர்ணயித்திருப்பார்கள், அதற்கு மேல் கேட்கக்கூடாது. நாமாக விரும்பிக் கொடுத்தால் வாங்கலாம் (சட்டம் 952). பெரும்பாலான இடங்களில் இதில் ஏமாற்று இருக்காது, சொல்லாமல் விட்டதுதான் இருக்கும். அலுவலகச் சன்னலில் ஓர் அறிவிப்பு ஒட்டினாலே தீர்ந்துவிடும். அதைத்தான் கேட்க வேண்டும்.

இனி கடிதம். மத்தேயு 18:15 முதலில் தனியாகப் போய்ப் பேசச் சொல்கிறது. அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ஞாயிறு பூசைக்கு முன் சக்ரீஸ்து அறையில் (குரு பூசைக்கு உடுத்தும் அறை) பிடித்துக்கொள்ள வேண்டாம். திங்கள் அல்லது செவ்வாய், முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ஒருவராக, மிஞ்சினால் இரண்டு பேராகப் போங்கள். கூட்டமாய்ப் போனால் அது முற்றுகை. "சாமி, திருவிழாக் கணக்குல நாலு விஷயம் புரியல, கொஞ்சம் சொல்லுங்க" என்று தொடங்கினாலே பெரும்பாலும் புத்தகம் வெளியே வரும். பேசி நடக்கவில்லை என்றால் எழுதுங்கள். ஒரே பக்கம். ஒரே விஷயம். எப்போது நடந்தது என்ற தேதி, எவ்வளவு என்ற தொகை, எந்தச் சட்டம் அல்லது மறைமாவட்ட விதி, என்ன செய்ய வேண்டுமென்று கேட்கிறோம், அவ்வளவுதான். பதிலுக்கு 15 நாள் கேட்பது நியாயமாக இருக்கும்.

பதில் இல்லையா? மறைவட்ட அதிபருக்கு (பக்கத்துப் பங்குகள் சிலவற்றை மேற்பார்க்கும் குரு) அனுப்புங்கள். பங்குப் பதிவேடுகளும் சொத்தும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை (சட்டம் 555). பலரும் இவரை விட்டுவிட்டு நேரே பேராயர் இல்லத்துக்கு ஓடுவார்கள். அங்கே கேட்கும் முதல் கேள்வி, "மறைவட்ட அதிபரைப் பார்த்தீங்களா?" என்பதாகத்தான் இருக்கும். பேராயருக்கு எழுதும்போது முந்தைய கடிதங்களின் நகலை இணைத்து, இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். நேரில் போக முடியாதவர்கள் ஸ்பீடு போஸ்ட்டில், ஒப்புகை கேட்டு அனுப்பலாம். அந்த முத்திரைத் தேதியிலிருந்துதான் நாள் ஓடும். சட்டப்படி ஓர் ஆணை கேட்டு மனு கொடுத்து மூன்று மாதமாகியும் பதில் வராவிட்டால், மறுத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு மேலே போகலாம் (சட்டம் 57).

ஆயரே ஓர் ஆணை போட்டுவிட்டார், எடுத்துக்காட்டாக உங்கள் பங்கை வேறொன்றோடு இணைத்துவிட்டார் என்றால் கடிகாரம் இன்னும் வேகமாக ஓடும். ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாளுக்குள், அதைத் திரும்பப் பெறவோ திருத்தவோ கோரி அவருக்கே எழுத வேண்டும் (1734). அவருக்கு 30 நாள் (1735). அதன்பின் 15 நாளுக்குள் உரோமைக்கு முறையிட வேண்டும் (1737). பங்கு விவகாரம் குருக்கள் பேராயத்துக்குப் போகும். அங்கும் மறுத்தால் 60 நாளுக்குள் திருப்பீடத்தின் உச்ச நீதிமன்றம். விஷயம் தெரியாமலிருந்த நாளும், செயல்பட முடியாமல் கிடந்த நாளும் இந்த 10, 15, 60 கணக்கில் சேராது. ஆனாலும் பத்து நாள் என்பது பத்து நாள்தான். உண்ணாவிரதப் பந்தல் போட்டு, கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, டிவியில் பேட்டி கொடுத்து முடிக்கும்போது பதினோராவது நாள் ஆகியிருக்கும். நல்ல வழக்குகள் வீணாவது இப்படித்தான்.

கடிதம் குப்பைக்குப் போகும் மற்ற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். இருநூறு கையெழுத்து, அதில் நாற்பது ஒரே பேனா, ஒரே கை. ஒன்று போலி என்று தெரிந்தால் எல்லாம் போலி. கையெழுத்துக்குப் பத்துப் பேர் போதும், முகவரியும் அன்பியத்தின் பெயரும் இருக்கட்டும். கணக்குக் கேள்வியோடு "மேலும் இவருடைய நடத்தை பற்றியும்…" என்று ஊர்ப்பேச்சைச் சேர்த்தால் கணக்குக் கேள்வி செத்துவிடும். அவதூறு என்றால் சட்டம் நம்மேல்தான் திரும்பும். திருப்பீடத்துக்கோ ஆயருக்கோ எதிராக வெளிப்படையாக வெறுப்பைத் தூண்டுவதும் கீழ்ப்படிய வேண்டாமென்று கிளப்பிவிடுவதும் தண்டனைக்குரிய குற்றம் என்று சட்டம் 1373 சொல்கிறது. கேள்வி கேட்பது அதில் வராது. எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, "இவரை மாற்றுங்கள்" என்று முடிப்பது. நம் ஊரில் எந்தப் புகாரும் டிரான்ஸ்ஃபர் கோரிக்கையாகத்தான் முடிகிறது. ஆள் மாறுவார், நிதிக்குழு அப்போதும் இருக்காது. ஆளை மாற்றச் சொல்லாமல் பழக்கத்தை மாற்றச் சொல்லுங்கள்: "ஒவ்வொரு திருவிழா முடிந்து 30 நாளுக்குள், வந்தது, பாக்கி, செலவு மூன்றையும் தனித்தனிப் பத்தியாக எழுதி ஒட்ட ஆவன செய்யவும்." இப்படி ஒரு கோரிக்கையை மறுப்பது கடினம்.

சாதி விஷயத்தில் மட்டும் வேறு எச்சரிக்கை. தனிக் கல்லறை, சப்பரம் போகாத தெரு, வரி வாங்க மறுத்து ஒதுக்கிவைப்பது. இங்கே பல நேரம் தவறு செய்கிற தலைமை அங்கி போட்டதல்ல, வேட்டி கட்டியது. பங்குத்தந்தை சப்பரத்தை எல்லாத் தெருவுக்கும் கொண்டுபோகச் சொல்வார், ஊர்தான் எதிர்த்துப் பூட்டுப் போடும். அப்படிப்பட்ட பூட்டுக்கு இந்தப் பதிவில் இடமில்லை. மாறாக, நிர்வாகமே பயந்து வழக்கத்துக்கு இடம் கொடுக்கிறது என்றால் கேட்க வலுவான ஆதாரம் உண்டு. 2003 நவம்பர் 17 அன்று மதுரை உள்ளிட்ட தமிழக மறைமாநிலங்களின் ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்கிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்று சொன்னார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர் முன்னேற்றத்துக்கென்று கொள்கை ஆவணமே வெளியிட்டது. அந்த வரிகளை அவர்களுக்கே நினைவூட்டலாம். ஆனால் இதை வரிக் கணக்கோடு ஒரே கடிதத்தில் போடாதீர்கள். இதற்குத் தனிக் கடிதம் வேண்டும். இதுதான் பெரிய கடிதம்.

குழந்தைகள்மீதான பாலியல் குற்றத்துக்கு மேலே சொன்ன எந்தப் படியும் பொருந்தாது. தனியாகப் பேசுவது கிடையாது, 15 நாள் கிடையாது. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் இருப்பதே 21ஆம் பிரிவில் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. திருஅவைக்குள்ளும் 2019இல் வந்து 2023இல் திருத்தப்பட்ட விதி, குருக்களும் துறவியரும் தெரிந்ததை அதிகாரிக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. ஆயரே மூடிமறைத்தாலும் அவர்மேல் புகார் தர வழி செய்திருக்கிறது. "கோயிலுக்குக் கெட்ட பேர் வரும்" என்று இதில் யாராவது சமரசம் பேச வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இவ்வளவும் நடக்கும்போது பூசைக்குப் போவதா வேண்டாமா? கோபத்தில் எல்லாரும் முதலில் நிறுத்துவது அதைத்தான். ஆனால் குருவின் தகுதியைப் பொறுத்து அருளடையாளத்தின் பலன் கூடிக் குறைவதில்லை. தகுதியற்ற குரு தரும் அருளடையாளம் செல்லாது என்ற தொனாத்தியர்களோடு புனித அகுஸ்தினார் வாதாடி நிலைநாட்டியது இது. கணக்குக் காட்டாத குருவின் கையிலிருந்து வந்தாலும் அது ஆண்டவரின் உடல்தான். இதை மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்திருப்போம். சண்டை நடக்கும் மாதங்களில் ஞாயிறுதோறும் அதே சாமியார் முன் கை நீட்டும்போதுதான் அதன் அர்த்தம் உறைக்கும். நான் யாரை நம்பி இங்கே வருகிறேன் என்ற கேள்விக்கு வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகப் பதில் கிடைக்காது. சாமியார் நல்லவராக இருந்தவரை ஓடிய விசுவாசம், அவர் சறுக்கினாலும் ஓடுமா என்று அப்போதுதான் தெரியும். பூசையை நிறுத்துகிறவர் தண்டிப்பது தன்னைத்தான், பங்குத்தந்தையை அல்ல.

மதுரை மிஷனை நடத்திய இயேசு சபையின் நிறுவனர் இஞ்ஞாசியார் இரண்டு வழிகாட்டுதல்கள் விட்டுப் போயிருக்கிறார். ஒன்று, அடுத்தவர் சொன்னதைக் கண்டிப்பதற்கு முன் அதற்கு நல்ல பொருள் கொள்ள முயலவேண்டும். இன்னொன்று, தலைவர்களின் குறையைப் பொதுமக்கள்முன் பேசுவது முணுமுணுப்பைத்தான் வளர்க்கும். ஆனால் அதைச் சரிசெய்யக் கூடியவர்களிடம் பேசுவது பயன் தரலாம். கடிதத்தை எழுதி முடித்ததும் அனுப்பாமல் ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் காலை பங்குத்தந்தையின் பெயரைச் சொல்லி ஒரு அருள்நிறை மந்திரம் செபித்துவிட்டு மறுபடி வாசியுங்கள். எந்த வரியில் செபம் தடுக்கிறதோ அந்த வரியில் கோபம் மட்டும்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் கடிதம் பலவீனமாகாது, பெரும்பாலும் பலமாகும். சியன்னா நகர் கத்தரின், இன்றைய பிரான்சிலுள்ள அவிஞ்ஞோனில் உட்கார்ந்திருந்த திருத்தந்தை 11ஆம் கிரகோரியை உரோமைக்குத் திரும்பச் சொல்லிக் கடிந்து எழுதிய கடிதங்களில் அவரை "அப்பா" என்றுதான் கூப்பிட்டார். திருத்தந்தை 1377 ஜனவரியில் திரும்பினார். அந்தப் பெண்ணைத் திருஅவை 1970இல் மறைவல்லுநராக (திருஅவை முழுமைக்கும் ஆசிரியராக) அறிவித்தது.

பதில் பல விதமாக வரும். ஒத்துக்கொண்டு வந்தால், அதை அன்பியத்தில் வாசியுங்கள், வாட்ஸ்அப்பில் வெற்றிக் கொடி நாட்ட வேண்டாம். காரணம் சொல்லி மறுத்து வந்தால், அந்தக் காரணத்தை நிதானமாகப் படியுங்கள். நாம் தவறாக இருக்கலாம், பெர்னாண்டசும் இருந்தார். பதிலே வராவிட்டால் மேலே சொன்ன நாட்களை எண்ணத் தொடங்குங்கள். எதுவானாலும் எல்லாக் கடிதத்தையும் முத்திரையோடு ஒரு கோப்பில் போட்டு, இரண்டு வீட்டில் இரண்டு நகலாக வையுங்கள். சாமிமார் மாறுவார்கள். புதியவர் வந்த முதல் மாதத்திலேயே, திருவிழாக் கூட்டத்துக்கு முன்னால், கோப்பை எடுத்துப்போய் அவரிடம் காட்டுங்கள். வரிப் பாக்கிப் பட்டியலையும் அதிலேயே வைத்துவிடுங்கள். நம்முடைய பெயர் அதில் இருந்தால், போகும் முன் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.